மண் அறிக்கையில் பாதுகாப்பு காரணி 1.1: அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நிலநடுக்க வாய்ப்புள்ள பகுதியில், ஓர் ஆற்றங்கரையிலிருந்து சுமார் 150 மீட்டர் தள்ளி மனை. இரண்டு மாடி வீடு கட்ட எண்ணம். ஒரே ஒரு துளை போட்டு மண்ணைப் பார்த்திருக்கிறார்கள். மேலே 5 மீட்டருக்குக் களி கலந்த மண், அதற்குக் கீழே 8 மீட்டர் வரை நொய் மணல், அப்புறம் இறுகிய மணல். நிலத்தடி நீர் 4.5 மீட்டரில். திருத்திய என் வேல்யூ (N value, ஒரு குழாயை மண்ணில் இறக்க எத்தனை அடி அடிக்க வேண்டும் என்ற எண்) 15. ரிக்டர் அளவு 7.5, தரை அதிர்வு புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.2 பங்கு என்று வைத்துக் கணக்குப் போட்டு, '6 மீட்டர் ஆழத்தில் மண் திரவமாதலுக்கு எதிரான பாதுகாப்பு காரணி 1.1' என்று முடித்திருக்கிறார்கள். ஒன்றுக்கு மேல் இருப்பதால் நிம்மதியாக இருக்கலாமா, 0.1 தானே மிச்சம் என்று பயப்பட வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அந்த 1.1 எவ்வளவு உறுதியானது? மண் திரவமாகிவிட்டால் வீட்டுக்கு என்ன ஆகும்? அறிக்கையின் கடைசி வரி இரண்டுக்குமே விடை சொல்லவில்லை. மண் பரிசோதனையிலும் அஸ்திவார வடிவமைப்பிலும் பல வருஷம் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மனையை நேரில் பார்க்காமல் எழுதுவது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண் திரவமாகும்போது நடப்பது என்னவென்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. அலை பின்வாங்கிய ஈர மணலில் நின்று, இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் படபடவென்று மிதித்துப் பாருங்கள். கெட்டியாக இருந்த தரை பளபளக்கும், தண்ணீர் கசியும், கால் இறங்கும். நெருக்கமில்லாத மணலைக் குலுக்கினால் மணிகள் இன்னும் நெருங்கி உட்காரப் பார்க்கும். இடையில் இருக்கும் தண்ணீர் விலகிப் போக நேரம் வேண்டும். நில அதிர்வோ சில நொடிகளில் பல தடவை குலுக்கிவிடுகிறது. போக வழியில்லாத தண்ணீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், மேலே உள்ள பாரத்தை மணிகளுக்குப் பதிலாகத் தண்ணீரே தாங்கத் தொடங்குகிறது. மணிகள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி விட்டுப்போகிறது. அந்த நேரத்துக்கு மணல் கஞ்சிதான். ஆக மூன்று சேர வேண்டும்: தளர்ந்த மணல், நீர் நிறைந்த நிலை, போதுமான அளவும் நேரமும் உள்ள அதிர்வு. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பேச்சே இல்லை.

1964 ஜூன் 16ஆம் தேதி ஜப்பானின் நீகாட்டா நகரில் நான்கு மாடிக் குடியிருப்புக் கட்டடங்கள் சாய்ந்தன. ஒன்று கிட்டத்தட்ட முழுசாகவே மல்லாந்து படுத்தது. சுவரோ தூணோ பெரிதாக உடையவில்லை, கீழே இருந்த மண்தான் கைவிட்டுவிட்டது. அதே ஆண்டு அலாஸ்காவிலும் பெரிய நிலநடுக்கம் வந்தது. பொறியாளர்கள் இந்த விஷயத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். 1971இல் சீட், இத்ரிஸ் என்ற இருவர் ஓர் எளிய கணக்கைக் கொடுத்தார்கள். உங்கள் அறிக்கையில் இருப்பது அதன் வாரிசு. ஒரு பக்கம் நிலநடுக்கம் அந்த ஆழத்து மண் மேல் போடும் சுமை, இன்னொரு பக்கம் மண்ணின் தாங்குதிறன். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பாதுகாப்பு காரணி. தாங்குதிறன் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உலகம் முழுக்கப் பழைய நிலநடுக்கங்களில் திரவமான இடங்களையும் ஆகாத இடங்களையும் ஒரே வரைபடத்தில் புள்ளியாக வைத்து, நடுவே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோடும் கொஞ்சம் முன்னெச்சரிக்கையோடு போட்டது. அதனால் காரணி சரியாக 1 என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று பொருளில்லை. பின்னால் புள்ளியியல் முறையில் பார்த்தவர்கள் அந்தக் கோட்டின் மேல் விழும் இடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு என்கிறார்கள். காரணி 1க்குச் சற்று மேலே இருந்தும் திரவமான இடங்கள் உண்டு, 1க்குக் கீழே இருந்தும் தப்பியவை உண்டு.

உங்கள் எண்களையே எடுத்து நானும் போட்டுப் பார்த்தேன். மண்ணின் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்று வைத்தால், 6 மீட்டரில் மொத்த அழுத்தம் 108 கிலோபாஸ்கல். நீர் 4.5 மீட்டரில் இருந்தால் மணிகள் உண்மையில் தாங்கும் பங்கு சுமார் 93. நிலநடுக்கச் சுமை விகிதம் 0.144 வருகிறது, என் வேல்யூ 15க்குத் தாங்குதிறன் 0.16. வகுத்தால் 1.1. கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. இனி ஒன்றே ஒன்றை மாற்றுகிறேன். நீர்மட்டத்தை 2 மீட்டருக்கு ஏற்றினால் 93 என்பது 69 ஆகிறது, காரணி 0.82க்கு இறங்கிவிடுகிறது. 1 மீட்டருக்கு ஏற்றினால் 0.70. மண் அதே மண், நிலநடுக்கம் அதே நிலநடுக்கம். ஆற்றை ஒட்டிய இடத்தில் கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே இரண்டு மூன்று மீட்டர் ஏறி இறங்குவது சாதாரணம். துளை போட்ட அன்று அளந்த நீர்மட்டத்தை அப்படியே கணக்கில் போட்டிருந்தால், அந்த 1.1 அந்த ஒரு நாளுக்கான எண். நிலநடுக்கம் எந்த மாதம் வரும் என்று சொல்ல யாராலும் முடியாது என்பதால், வருஷத்தில் நீர் ஏறும் உச்ச மட்டத்துக்குக் கணக்குப் போடுவதுதான் என் வழக்கம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 7.5 என்பது பெரிய நிலநடுக்கம், குலுக்கல் நீண்ட நேரம் நீடிக்கும். உங்கள் பகுதியில் எதிர்பார்க்கத்தக்கது 6.5 தான் என்றால், பரவலாகப் பயன்படும் ஒரு திருத்தப்படி தாங்குதிறனை 1.44ஆல் பெருக்கலாம். மழைக்கால 0.82 கூட 1.18 ஆகிவிடும். 0.2 என்ற அதிர்வையும் 7.5 என்ற அளவையும் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். விதிநூலில் இருக்கும் மண்டல எண்ணை அப்படியே எடுத்திருந்தால் அது அந்த வட்டாரத்துக்கே பொதுவானது, உங்கள் மனைக்கென்று கணித்தது கிடையாது.

அடுத்தது அந்த 15. எனக்கு மிகவும் சந்தேகம் வரும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு குழாயை 45 சென்டிமீட்டர் இறக்குவார்கள். முதல் 15 சென்டிமீட்டருக்கான அடிகளை விட்டுவிட்டு, மீதி 30க்கு எத்தனை அடி என்று எண்ணினால் அதுதான் என் வேல்யூ. எண்ணுவது சுலபம். சுத்தியலைக் கயிற்றில் சுற்றி இழுத்துவிடும்போது கயிறு சுற்று இறுக்கமாக இருந்தால், விழும் வேகம் குறைந்து அடிகள் கூடும். ஆள் களைத்துப்போய் 76க்குப் பதில் 60 சென்டிமீட்டரில் விட்டாலும் அப்படியே. கம்பியின் நீளம், துளையின் விட்டம், எல்லாவற்றுக்கும் திருத்தம் உண்டு. அந்தத் திருத்தங்களைப் போட, களத்தில் என்ன கருவி இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தளத்தில் 7 மீட்டரில் என் வேல்யூ 4 வந்தது. பத்தடி தள்ளிப் போட்ட துளையில் அதே ஆழத்தில் 16. மண் மாறியிருக்கும் என்று நானே ஒரு விளக்கம் தயார் செய்துகொண்டேன். வயதான துளைக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, அளவுநாடாவைத் துளைக்குள் விடச் சொன்னார். 7 மீட்டர் தோண்டிய துளையில் 6.4 மீட்டரிலேயே நாடா தட்டியது. பெய்லரை, அதாவது துளையிலிருந்து மண்ணை அள்ளும் குழாயை, அவசரமாக மேலே இழுத்ததில் துளைக்குள் இருந்த தண்ணீர் வெளியே உள்ள நீர்மட்டத்தைவிடக் கீழே போயிருக்கிறது. வெளித் தண்ணீர் அடிப்பக்கமாகப் பீறிட்டு வந்து, மணலையும் கூடவே தூக்கி வந்துவிட்டது. நாங்கள் அடித்தது இயற்கையான மண்ணையே அல்ல, நாங்களே கிளறிவிட்ட மணலை. நீர்மட்டத்துக்குக் கீழே நொய் மணலில் வேலை செய்யும்போது துளை நிறையத் தண்ணீரோ பெண்டோனைட் என்ற களிமண் கரைசலோ வைத்திருக்க வேண்டும் என்பது அன்றைக்கு மண்டையில் ஏறியது. உங்கள் கணக்கில் 15க்குப் பதில் 12 இருந்தால் காரணி 0.9, 18 இருந்தால் 1.3. இரண்டு துளைக்காரர்களுக்கிடையே மூன்று அடி வித்தியாசம் வருவது பெரிய அதிசயம் இல்லை.

மணல் என்ற சொல்லையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். குழாயைப் பிளந்து மாதிரியை எடுத்ததும் நான் முதலில் செய்வது, ஒரு பிடியை நனைத்து உள்ளங்கையில் தட்டையாக வைத்து, கையைப் பக்கவாட்டில் தட்டுவது. வண்டலோ நொய் மணலோ என்றால் மேற்பரப்பு சட்டென்று ஈரமாகப் பளபளக்கும். விரலால் அழுத்தினால் பளபளப்பு உள்ளே ஓடி, மங்கி, நொறுங்கும். களி என்றால் எத்தனை தட்டினாலும் அசையாது. நூறு கோடி செலவில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்களும் இதைச் செய்வார்கள். கையளவில் நடக்கும் திரவமாதல்தான் அது. களி அதிகமுள்ள மண் இந்த வகையில் திரவமாகாது என்பது உறுதி. எங்கே கோடு கிழிப்பது என்பதில்தான் வல்லுநர்கள் ஒத்துப்போவதில்லை. களியின் சதவீதத்தை மட்டும் பார்த்த பழைய அளவுகோல் ஒன்று இருந்தது. 1999இல் துருக்கியின் அடபசாரி நகரில் நுண்மண் மேல் நின்ற கட்டடங்கள் இறங்கியும் சாய்ந்தும் போன பிறகு அதன் மதிப்பு போய்விட்டது. இப்போது நெகிழ்வுக் குறியீட்டைப் பார்க்கிறோம், அதாவது எவ்வளவு ஈரப்பத இடைவெளிக்குள் மண் பிசையும் பதத்தில் இருக்கும் என்ற அளவு. அது 7ஐ எட்டினாலே களியைப் போல நடந்துகொள்ளும் என்பார் ஒரு தரப்பு. 12க்குக் கீழே இருந்து, ஈரப்பதமும் திரவ எல்லையின் (பிசையும் பதம் போய் மண் குழம்பாகும் ஈரப்பதத்தின்) 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆபத்து என்பார் இன்னொரு தரப்பு. இடைப்பட்ட மண்ணுக்கு ஆய்வுக்கூடத்தில் மாதிரி மேல் சுமையை மாற்றி மாற்றிப் போடும் சுழற்சிச் சோதனை செய்து பார்ப்பதுதான் நேர்மை. சரளைக்கல் கலந்திருந்தால் தலைகீழ்ச் சிக்கல். குழாய் கல்லில் முட்டி என் வேல்யூ பொய்யாக உயரும், மண் பலமானது என்று ஏமாந்துபோவோம். 1995 கோபே நிலநடுக்கத்தில் போர்ட் தீவின் சரளை கலந்த நிரப்பு மண்ணும் திரவமானது.

அப்படியானால் எதைத்தான் உறுதியாகச் சொல்லலாம்? வயதைச் சொல்லலாம். சில நூறு, சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் ஆறு கொண்டுவந்து போட்ட மணல், பழைய ஓடையின் தடம், கடலையோ ஏரியையோ தூர்த்து நிரப்பிய நிலம் ஆகியவைதான் மறுபடியும் மறுபடியும் மாட்டுகின்றன. பல பத்தாயிரம் ஆண்டு வயதான படிவுகள் அரிதாகவே திரவமாகின்றன. ஒரு தடவை ஆன இடம் இறுகிவிட்டது, இனிப் பயமில்லை என்ற நம்பிக்கையும் தப்பு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பரில் திரவமான பல தெருக்கள் 2011 பிப்ரவரியிலும் ஜூனிலும் திரும்பத் திரும்ப மணலைக் கக்கின. நிலநடுக்க மையம் வெகு தொலைவு என்பதும் ஆறுதல் இல்லை. 2011 மார்ச்சில் ஜப்பானில் வந்த 9 அளவு நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, டோக்கியோ விரிகுடாவைத் தூர்த்து உருவாக்கிய உரயாசு நகரில் தெருத்தெருவாக மணல் பொங்கியது. அதிர்வு பெரிதாக இருக்கவில்லை, ஆனால் நெடுநேரம் நீடித்தது.

கிறைஸ்ட்சர்ச் எங்களுக்கு இன்னொரு பாடமும் வைத்தது. அங்கே கூம்பை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் மண்ணுக்குள் செலுத்தும் சி.பி.டி சோதனை ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறார்கள். துளைச் சோதனையில் ஒன்றரை மீட்டருக்கு ஓர் எண் கிடைக்கும், இதிலோ சில சென்டிமீட்டருக்கு ஒன்று. அவ்வளவு தரவும் கையில் இருந்தும், வண்டலும் மணலும் மெல்லிய ஏடுகளாக மாறி மாறி அமைந்த இடங்களில் கணக்கு 'ஆகும்' என்று சொன்னது, தரையிலோ ஒரு அறிகுறியும் இல்லை. ஆக இந்த முறைகள் இரண்டு பக்கமும் தவறக்கூடியவை. அடுக்கு அடுக்கான மண்ணில் பெரும்பாலும் அதிகப் பயமுறுத்தும் பக்கம்.

இனி இரண்டாவது கேள்வி, வீட்டுக்கு என்ன ஆகும் என்பது. இதில் உங்களுக்குச் சாதகமான செய்தியும் இருக்கிறது. திரவமாகும் அடுக்குக்கு மேலே திரவமாகாத மண் எவ்வளவு தடிமன் என்பதுதான் தரைமட்டத்துச் சேதத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இஷிஹாரா என்ற ஜப்பானியப் பொறியாளர் 1985இல் வெளியிட்ட வரைபடப்படி, 0.2 அளவு அதிர்வுக்கு மேலடுக்கு ஏறத்தாழ 3 மீட்டர் இருந்தாலே மணல் பொங்கி வெளியே வருவது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. உங்களுக்கு 5 மீட்டர் இருக்கிறது, அது நிஜமாகவே களி மண்ணாக இருந்தால். இவாசாகி குறியீடு என்று இன்னொன்று உண்டு. மேலே உள்ள அடுக்குக்கு அதிக எடையும் ஆழத்தில் உள்ளதற்குக் குறைந்த எடையும் கொடுத்து, 20 மீட்டர் வரை கூட்டிப் பார்ப்பது. 5 முதல் 8 மீட்டர் வரை முழுவதும் 0.82 என்று வைத்தால் 3.6 வருகிறது. 5க்குக் கீழே குறைந்த ஆபத்து, 15க்கு மேலே மிக அதிகம். நீர் 1 மீட்டருக்கு ஏறிய நிலையில் 6 ஆகி எல்லையைத் தாண்டுகிறது. 3 மீட்டர் மணல் அதிர்வுக்குப் பிறகு 2 சதவீதம் அமுங்கினால் 6 சென்டிமீட்டர். வீடு முழுதும் சீராக அவ்வளவு இறங்கினால் கழிவுநீர்க் குழாய் உடையும், வீடு நிற்கும். ஒரு மூலை மட்டும் இறங்கினால்தான் சுவர் கிழியும். அதை ஒரே துளையை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

என்னை உறுத்துவது அந்த ஆற்றங்கரை. மேலடுக்கு தடிமனாக இருப்பது, நிலம் ஆற்றுப் பக்கமாகப் பக்கவாட்டில் வழுக்குவதைத் தடுக்காது. அரை டிகிரிக்கும் குறைவான சரிவே இதற்குப் போதும், கரை போன்ற திறந்த முகம் இருந்தால் சரிவே வேண்டாம். கிறைஸ்ட்சர்ச்சில் ஏவான் ஆற்றை ஒட்டிய பகுதிகளில் மண் ஆற்றை நோக்கி நகர்ந்து வீடுகளின் தளத்தையே இரண்டாகப் பிளந்தது. 2018 செப்டம்பரில் இந்தோனேசியாவின் பாலுவில் மிக மென்மையான சரிவில் இருந்த பெட்டோபோ, பலரோவா பகுதிகள் வீடுகளோடு வழிந்து போயின. பாலு அளவுக்கு எல்லா இடத்திலும் நடக்காது, அதை வைத்து யாரையும் பயமுறுத்துவது சரியில்லை. ஆனால் 150 மீட்டர் என்பது 'நமக்கென்ன' என்று விட்டுவிடும் தூரமும் இல்லை. பக்கவாட்டு நகர்வைக் கணிக்கும் பரவலான சூத்திரம், என் வேல்யூ 15க்கு மேற்படாத மணலைத்தான் கணக்கில் எடுக்கிறது. உங்களுடையது சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. கரையின் உயரமும், அந்த மணல் அடுக்கு கரை வரை தொடர்கிறதா என்பதும் தெரிந்தாக வேண்டும். அறிக்கையில் இரண்டுமே இல்லை.

நான் என்றால் ஆற்றுப் பக்கம் ஒன்றும் எதிர்ப்பக்கம் ஒன்றுமாக இரண்டு சி.பி.டி கேட்பேன், கூடவே 6 மீட்டர் மாதிரியின் சல்லடைச் சோதனையும் நெகிழ்வுக் குறியீடும். மண் சீராகவும் பக்கவாட்டு நகர்வு சில சென்டிமீட்டருக்குள்ளும் வந்தால், தனித்தனி அஸ்திவாரத்துக்குப் பதில் முழுத்தளமும் ஒரே பலகையாக நகரும் ராஃப்ட் அஸ்திவாரம் இரண்டு மாடிக்குப் போதும். நகர்வு அதற்கு மேல் என்றால் மண்ணையே இறுக்க வேண்டும். அது வேலை செய்கிறது என்பதற்கு உரயாசுவிலேயே சாட்சி உண்டு: அங்கிருக்கும் டிஸ்னிலேண்டில் முன்பே இறுக்கிய பூங்கா நிலம் தப்பித்தது, வாகன நிறுத்துமிடம் மணலைக் கக்கியது. பைல் (ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண்) போட்டுவிட்டால் முடிந்தது என்று யாராவது சொன்னால், பக்கவாட்டு விசைக்குக் கணக்குப் போட்டீர்களா என்று கேளுங்கள். நீகாட்டாவில் ஒரு கட்டடம் நிலநடுக்கத்துக்குப் பிறகும் சுமார் 20 ஆண்டு புழக்கத்தில் இருந்தது. பின்னால் தோண்டிப் பார்த்தபோது அதன் கான்கிரீட் பைல்கள் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் முறிந்திருந்தன.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. அறிக்கையின் துளைப் பதிவேட்டுப் பக்கத்தில் தேதி இருக்கும், நீர்மட்டம் எப்போது அளந்தது என்றும் இருக்கும். துளை போட்டு முடித்த கையோடு அளந்ததா, ஒரு நாள் விட்டு நீர் நிலைத்த பிறகு அளந்ததா என்று பாருங்கள். பக்கத்துக் கிணறுகளில் மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு மேலே வரும் என்று அங்கே நெடுநாள் இருப்பவர்களிடம் கேளுங்கள். அந்த எண்ணைப் போட்டு கணக்கைத் திருப்பிச் செய்து தரச் சொன்னால், அதே பொறியாளருக்குப் பத்து நிமிஷ வேலை.